உறைக்குழாயில் ஹைட்ரஜன் எண் ஒத்துவரவில்லையா? எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

அணு உலை எரிபொருளை உள்ளே வைக்கும் சிர்கலாய் (சிர்கோனியக் கலப்புலோகம்) உறைக்குழாயில் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) ஹைட்ரஜன் இருக்கிறது என்று அளக்கிற வேலையில் கோளாறு வந்தால் முதலில் பழி விழுவது கருவியின் மேல்தான். சர்வீஸ் ஆளை வரவழைத்து, டிடெக்டரைக் கழற்றிப் பார்த்து, பில்லும் கட்டிய பிறகு பார்த்தால் துண்டு சரியாகக் காய்ந்திருக்காது. அதனால் நான் பார்க்கிற வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் துண்டு எங்கே வெட்டியது, அப்புறம் அதன் மேற்பரப்பு, அப்புறம் வாயுவும் அதைச் சுத்தம் செய்யும் ரீஏஜென்ட் குழாய்களும், கருவி கடைசியில்.

கீழே பெரும்பாலும் வருவது உருக்கிப் பிரிக்கும் முறை, அதாவது கிராஃபைட் குரூசிபிளில் (சின்னக் கிண்ணம்) துண்டைப் போட்டு, ஆர்கான் ஓட்டத்தில் உருக்கி, வெளிவரும் ஹைட்ரஜனை வெப்பக் கடத்தல் டிடெக்டரில் அளப்பது. டிஎஸ்சி (துண்டைச் சூடாக்கி, ஹைட்ரஜன் உலோகத்தோடு சேர்ந்து உண்டான ஹைட்ரைடு கரைந்து முடிகிற வெப்பநிலையை வைத்து அளவைக் கணிப்பது), மெட்டலோகிராஃபி (பாலிஷ் செய்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது), துண்டில் வேண்டுமென்றே ஹைட்ரஜன் வாயு ஏற்றுவது எல்லாம் பின்னால் வரும்.

எதையும் கழற்றுவதற்கு முன்

அலகைப் பாருங்கள். உறைக்குழாய் வேலையில் பிபிஎம் என்றால் எடை பிபிஎம். சில கட்டுரைகளிலும் மாடல் ஃபைல்களிலும் அணு பிபிஎம் இருக்கும்; சிர்கோனியத்தில் 1 எடை பிபிஎம் என்பது சுமார் 90 அணு பிபிஎம். இரண்டு அறிக்கைக்கு நடுவில் தொண்ணூறு மடங்கு வித்தியாசம் என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள், ஆனால் யாரோ ஒருவர் பாதி வழியில் மாற்றிவிட்டு மீதியை விட்டுவிட்டால் கண்டுபிடிக்க ஒரு வாரம் போய்விடும்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் உதவும். 100 மில்லிகிராம் துண்டில் 1 மைக்ரோகிராம் ஹைட்ரஜன் என்றால் 10 பிபிஎம். அந்த 1 மைக்ரோகிராம் ஹைட்ரஜன் 9 மைக்ரோகிராம் தண்ணீரில் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத ஈரம் அது. புதிய சிர்கலாய் குழாய்க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 25 பிபிஎம்தான் என்னும்போது, இந்த 10 எவ்வளவு பெரிது என்று புரியும்.

அறிகுறி: பிளாங்க் சரியில்லை

பிளாங்க் என்றால் துண்டு போடாமல் ஓட்டும்போது வருகிற எண். அது எப்படிச் சரியில்லை என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*உயரமாக, ஆனால் நிலையாக நிற்கிறது.* ஃப்ளக்ஸாக, அதாவது உருகுவதற்கு உதவியாக, தகரம் போடுகிறீர்கள் என்றால் ஒரு முறை தகரத்தோடும் ஒரு முறை இல்லாமலும் ஓட்டுங்கள். வித்தியாசம் இருந்தால் குற்றவாளி தகரம்; வேறு பாட்டில் எடுங்கள், பழையதைத் திறந்தே வைத்திருந்தீர்களா என்றும் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் குரூசிபிள். அளவீட்டுக்கு வைக்கும் பவரைவிட அதிகப் பவரில் அதை முன்கூட்டியே சுட்டு வாயு நீக்க வேண்டும். இரண்டு பவரும் ஒன்றாக இருந்தால் அளக்கும்போதும் கிராஃபைட்டிலிருந்து கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும். அதற்கும் மேல் என்றால் கேரியர் வாயு, அதாவது அந்த ஆர்கான். சிலிண்டர் மாற்றிய தேதியையும் பிளாங்க் உயர்ந்த தேதியையும் பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி நேரம் விடை கிடைத்துவிடும்.

*ஓட்டத்துக்கு ஓட்டம் குதிக்கிறது.* யாராவது குரூசிபிளைக் கையால் தொடுகிறார்களா என்று பாருங்கள். இடுக்கிதான் பயன்படுத்த வேண்டும், கையுறை போட்டிருந்தாலும் இடுக்கிதான். அடுத்து மேல், கீழ் எலக்ட்ரோடுகளில் படிந்த கிராஃபைட் தூள். துலக்குங்கள். ஓ-ரிங்கில் ஒரு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கசியும். காலையில் கருவியைப் போட்டவுடனே அளக்க ஆரம்பிப்பதும் ஒரு காரணம். டிடெக்டர் நிலைக்கு வர நேரம் எடுக்கும், அதற்கு அவசரம் தெரியாது.

*நாள் முழுவதும் மெதுவாக ஏறுகிறது.* ஈரம் பிடிக்கும் மெக்னீசியம் பெர்குளோரேட் தீர்ந்துவிட்டது. குழாயைக் கழற்றிப் பார்த்தால் மணிமணியாக இருக்க வேண்டியது கட்டிதட்டியிருக்கும். மாற்றும்போது பழைய பெர்குளோரேட்டை டிஷ்யூ பேப்பரில் கொட்டி குப்பைக் கூடையில் போடாதீர்கள். அது வலுவான ஆக்சிஜனேற்றி, காகிதமும் கரைப்பானும் பட்டால் தீப்பிடிக்கலாம். உங்கள் லேபின் ரசாயனக் கழிவு விதிப்படி தனியாகப் போக வேண்டும்.

கசிவுச் சோதனை தேறி, புதுச் சிலிண்டர், புது ரீஏஜென்ட் எல்லாம் போட்ட பிறகும் பேஸ்லைன் (ஹைட்ரஜன் வராதபோது டிடெக்டர் காட்டும் அடிக்கோடு) அலைகிறதா, அப்போது சர்வீஸ் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். டிடெக்டர் இழையை நீங்களே திறக்க வேண்டாம். உலையைக் குளிர்விக்கும் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே தெரிந்தால் வேறு எதையும் சோதிக்காமல் மின்சாரத்தை அணைத்துவிட்டு அழையுங்கள்.

அறிகுறி: எண் தூக்கலாக வருகிறது

ஒரே வளையத்திலிருந்து 50, 100, 200 மில்லிகிராம் என்று மூன்று துண்டு எடுத்து ஓட்டுங்கள். துண்டு சிறிதாகச் சிறிதாக பிபிஎம் ஏறினால், எடை எதுவானாலும் ஒரே அளவு ஹைட்ரஜன் வெளியிலிருந்து சேர்கிறது: மேற்பரப்பு, அல்லது கழிக்காத பிளாங்க். மூன்றும் ஒரே எண் தந்தால் ஹைட்ரஜன் உள்ளேயே இருக்கிறது, இல்லை காலிபரேஷன் தவறு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மேற்கொண்டு எதுவும் செய்வதில் அர்த்தமில்லை.

மேற்பரப்பு என்றால், அசிட்டோனில் கழுவிய பிறகு எதில் உலர்த்துகிறீர்கள், எவ்வளவு நேரம் என்று பாருங்கள். மெட்டலோகிராஃபிக்கு மவுண்ட் செய்த துண்டையே உடைத்தெடுத்து அளக்கிறீர்களா? ஓரத்தில் ரெசின் ஒட்டியிருக்கும், ரெசின் முழுக்க ஹைட்ரஜன்தான்.

உள்ளே என்றால் சந்தேகம் பிக்லிங் தொட்டியின் மேல், அதாவது மேற்பரப்பை அமிலத்தில் அரித்துச் சுத்தம் செய்யும் தொட்டியின் மேல், திரும்புகிறது. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்துக்குக் கீழே போகக் கூடாது. நைட்ரிக் தீர்ந்துபோன பழைய தொட்டியில் உலோகம் கரையும்போது வெளிவரும் ஹைட்ரஜனில் ஒரு பங்கு உள்ளே ஏறிவிடும். தொட்டி எத்தனை நாளாகப் பயன்பாட்டில் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, அதுவே ஒரு பதில். ஹைட்ரோஃப்ளூரிக் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தத் தொட்டிப் பக்கம் போகாதீர்கள். தோலில் பட்டால் உடனே தண்ணீரில் கழுவி, ஜெல் தடவி, வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். வலி தாமதமாகத்தான் வரும்.

ஆக்சைடு படிந்த துண்டு தனிக் கதை. ஆட்டோகிளேவில் (அழுத்தக் கலம்) இருந்ததோ அணு உலையில் இருந்ததோ, ஆக்சைடுக்கும் சொந்தமாகக் கொஞ்சம் ஹைட்ரஜன் உண்டு, எடையில் ஆக்சிஜனும் சேர்கிறது. ஆக்சைடோடு அளந்தீர்களா, நீக்கிவிட்டா என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இன்னொன்று, ஆக்சைடு கிராஃபைட்டில் உருகும்போது கார்பன் மோனாக்சைடு கொட்டும். அதைப் பிடிக்கிற ரீஏஜென்ட் தீர்ந்துவிட்டால் ஹைட்ரஜன் பீக்கின் பின்பக்கம் இன்னொரு மேடு தெரியும், கருவி அதையும் சேர்த்து எண்ணிவிடும். எண்ணை மட்டும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. வளைகோட்டைத் திரையில் பார்க்க வேண்டும்.

அறிகுறி: எண் குறைவாக வருகிறது

முதல் சோதனைக்கு எந்தச் செலவும் இல்லை. அளந்து முடித்த அதே குரூசிபிளை வெளியே எடுக்காமல் இன்னொரு முறை சுடுங்கள். பிளாங்க்கைவிட அதிகம் வந்தால் முதல் முறை முழுவதும் வெளிவரவில்லை. பவரைக் கொஞ்சம் ஏற்றுங்கள், தகரம் சேருங்கள், துண்டைச் சின்னதாக்குங்கள். இரண்டாவது சூட்டில் எதுவும் வரவில்லை என்றால் பீக்கின் வால் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பேஸ்லைனுக்குத் திரும்பும் முன்பே கணக்கு மூடப்பட்டால் வால் பகுதி தொலைந்துபோகும். இதற்கு நேரத்தை நீட்டினால் போதும்.

அதுவும் இல்லை என்றால் ஸ்டாண்டர்டு, அதாவது காலிபரேஷனுக்கு வைக்கும், ஹைட்ரஜன் அளவு தெரிந்த துண்டு. இதுதான் எனக்கு எப்போதும் எரிச்சல் தருகிற விஷயம். எஃகு ஸ்டாண்டர்டு 1 கிராம், 5 பிபிஎம் என்றால் டிடெக்டர் பார்ப்பது 5 மைக்ரோகிராம். உங்கள் துண்டு 100 மில்லிகிராம், 300 பிபிஎம் என்றால் 30 மைக்ரோகிராம். ஆறு மடங்கு மேலே, காலிபரேஷன் எட்டாத இடத்தில், ஸ்டாண்டர்டு சரியாக வந்தது என்பதை வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு அளந்துகொண்டிருக்கிறோம். கருவியில் வாயு டோசிங் (அளந்த ஹைட்ரஜனை நேராக உள்ளே விடுவது) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்: 0 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 1 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் 90 மைக்ரோகிராம், அதை வைத்து மேல் எல்லையைச் சரிபார்க்கலாம். டோசிங் இல்லை என்றால் துண்டை 30 மில்லிகிராமுக்குக் குறைத்துப் பாருங்கள். பிபிஎம் ஏறினால் மேலே நேர்கோடு வளைகிறது என்று அர்த்தம். ஆனால் சின்னத் துண்டில் மேற்பரப்பும் பிளாங்க்கும் எண்ணை ஏற்றும் என்பதை மேலேயே பார்த்தோம், எனவே அந்தச் சோதனையை முடித்த பிறகுதான் இது.

எஃகு சரி, டோசிங் மட்டும் குறைவு என்றால் வேலை உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. சர்வீஸ் ஆளிடம் இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், வெறுமனே குறைவாக வருகிறது என்றால் அவர் ஓ-ரிங்கை மாற்றிவிட்டுப் போய்விடுவார்.

அறிகுறி: ஒரே குழாய், துண்டுக்குத் துண்டு வேறு எண்

அதிகம் வருகிற புகார் இது. இதில் பாதிக்குமேல் கோளாறே கிடையாது, ஹைட்ரஜன் நிஜமாகவே சீராக இல்லை.

குழாய் அணு உலையிலிருந்து வந்ததா? அப்படியானால் சீராக இருந்தால்தான் ஆச்சரியம். ஹைட்ரஜன் குளிர்ந்த பக்கம் நகர்கிறது. அதனால் சுவரின் வெளி ஓரத்தில் ஹைட்ரைடு விளிம்பு கட்டும். இரண்டு எரிபொருள் வில்லைகளுக்கு நடுவில் வெப்பம் குறைவு, அங்கே கூடும். ஆக்சைடு உரிந்துபோன இடத்தில் இன்னும் கூடும், சில நேரம் கொப்புளமாகவே. ஒரே வளையத்தின் நான்கு கால்பகுதிகளுக்கு நடுவில்கூட 100 பிபிஎம்முக்கு மேல் வேறுபாடு வரலாம். எனவே சோதனை இப்படி: 9.5 மில்லிமீட்டர் விட்டம், 0.57 மில்லிமீட்டர் சுவர் உள்ள குழாயில் 1 மில்லிமீட்டர் அகல வளையம் ஏறக்குறைய 100 மில்லிகிராம் இருக்கும். 4 மில்லிமீட்டர் வளையம் ஒன்றை வெட்டி நான்காகப் பிளந்து, எந்தத் துண்டு எந்தத் திசை என்று குறித்துக்கொண்டு நான்கையும் அளங்கள். பக்கத்து வளையத்திலும் அதையே செய்யுங்கள். அதே திசைகளில் அதே ஏற்ற இறக்கம் தெரிந்தால் கருவி நன்றாக வேலை செய்கிறது, உங்கள் குழாய்தான் அப்படி. திசை குறிக்காமல் வெட்டிய துண்டுகளை வைத்து இந்தக் கேள்விக்கு எந்தக் காலத்திலும் விடை கிடைக்காது.

லேபில் ஹைட்ரஜன் ஏற்றிய குழாயா? அப்போது சமன்படுத்தும் சூட்டைப் பாருங்கள். 400 டிகிரியில் ஹைட்ரஜன் 0.57 மில்லிமீட்டர் சுவரைக் கடக்க இருபது நிமிடம் சொச்சம் போதும், ஒரு மணி நேரம் வைத்தால் சுவரின் குறுக்கே பரவிவிடும். ஆனால் குழாயின் நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் நகர நாலைந்து நாள் ஆகும், ஏனென்றால் தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. ஒரு முனையில் அதிகம் ஏறிய குழாயை ஒரு ராத்திரி சூடாக்கிவிட்டு சமமாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். முனைகளை வெட்டித் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள், இரண்டு பக்கமும் ஒரு வளையம் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க வெப்பத்தை 500 டிகிரிக்கு மேல் ஏற்றுகிற ஆசை வரும். ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்த சிர்கலாய்-4 அங்கே மறுபடிகமாக ஆரம்பிக்கும், அப்புறம் உங்கள் ஹைட்ரைடு திசைகள் எல்லாம் வேறொரு குழாயின் கதையைச் சொல்லும்.

கதிர்வீச்சு பட்ட துண்டு என்றால் வெட்டுவது முதல் எடை போடுவது வரை ஹாட் செல்லுக்குள் (கதிர்வீச்சைத் தடுக்கும் தடித்த சுவர் அறை), அதற்கான ஆட்களோடுதான். சந்தேகத்துக்கு ஒரு துண்டை வெளியே கொண்டுவந்து பார்க்கலாம் என்ற பேச்சு எழுந்தால், முதல் அழைப்பு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கு.

அறிகுறி: டிஎஸ்சியில் பீக் தெரியவில்லை, அல்லது எண் ஒத்துவரவில்லை

*பீக்கே இல்லை.* முதலில் எவ்வளவு தூரம் சூடாக்கினீர்கள்? 200 பிபிஎம் முழுவதும் கரைய ஏறக்குறைய 400 டிகிரி வேண்டும், 300 டிகிரியில் கரைவது சுமார் 65 பிபிஎம்தான். கரைந்து முடிகிற இடத்துக்கு முன்பே நிறுத்தினால் பீக் எங்கிருந்து வரும்? மறுபக்கம், 600 பிபிஎம்மை நெருங்கும்போது கரையும் வெப்பநிலை 550 டிகிரி பக்கத்தில் உள்ள யூடெக்டாய்டு மாற்றத்தோடு (உலோகத்தின் படிக அமைப்பே மாறும் இடம்) மோத ஆரம்பிக்கும். அங்கே டிஎஸ்சியை விட்டுவிட்டு உருக்கும் முறைக்குப் போங்கள். நடு எல்லையில் இருந்தும் தெரியவில்லை என்றால் சிக்னல் சிறியது. 100 மில்லிகிராம், 100 பிபிஎம் துண்டுக்கு மொத்த வெப்பமே அரை ஜூலுக்குக் கீழே, அதுவும் சில நூறு டிகிரியில் பரவிக் கிடக்கும். ரெஃபரன்ஸ் பக்கம் வெறும் தட்டுக்குப் பதிலாக அதே எடையில் ஹைட்ரஜன் நீக்கிய சிர்கோனியம் வையுங்கள், பேஸ்லைன் உடனே தட்டையாகும்.

*முதல் ஓட்டமும் இரண்டாவது ஓட்டமும் ஒத்துவரவில்லை.* ஒத்துவராதுதான். முதல் ஓட்டத்தில் துண்டு தன் பழைய வரலாற்றோடு வருகிறது. இரண்டாவதை எடுங்கள், எல்லாத் துண்டுக்கும் அப்படியே. சூடாக்கும் வேகத்தையும் மாற்றாதீர்கள்.

*சூடாக்கும்போது ஒன்று, குளிரும்போது ஒன்று.* இது கோளாறே இல்லை. கரைவதும் படிவதும் வேறு வேறு வெப்பநிலையில் நடக்கும், 50, 60 டிகிரி இடைவெளி சாதாரணம். கோளாறு வருவது அறிக்கையில் இரண்டையும் கலக்கும்போதுதான். பீக் உச்சியை எடுத்தீர்களா, அதிகச் சரிவை எடுத்தீர்களா என்பதும் அப்படியே. யாருடைய கரைதிறன் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறீர்களோ அவர் எதை எடுத்தாரோ அதையே எடுக்க வேண்டும்.

*எல்லாமே ஒரே பக்கம் நகர்ந்திருக்கிறது.* இண்டியம் 156.6, துத்தநாகம் 419.5 டிகிரி. இரண்டையும் உருக்கிப் பாருங்கள். இண்டியம் மட்டும் பார்த்துவிட்டு 400 டிகிரியில் அளப்பது பலரும் செய்கிற சோம்பேறித்தனம். இரண்டும் சரி, எண் இன்னும் உருக்கும் முறையைவிடக் குறைவு என்றால் குழாயில் உள் லைனர் (உள்பக்கம் ஒட்டிய தனி உலோக அடுக்கு) இருக்கிறதா என்று கேளுங்கள். லைனரில் ஹைட்ரஜன் சேர்ந்திருந்தால் டிஎஸ்சி காட்டும் எண்ணை முழுச் சுவருக்கும் பொருத்த முடியாது. இரண்டு உலோகத்திலும் தவறினால் சென்சார் காலிபரேஷன், அது சர்வீஸ் வேலை.

அறிகுறி: மைக்ரோஸ்கோப்பில் ஹைட்ரைடு தெரியவில்லை, அல்லது அளவுக்கு மீறித் தெரிகிறது

தெரியவில்லை என்றால் பெரும்பாலும் தேய்க்கும்போது இழுபட்ட உலோகப் படலம் மேலே படர்ந்து மூடியிருக்கிறது. சிர்கோனியம் மிருதுவானது, பாலிஷ் பண்ணும்போது இழுபடும். எட்ச் (அமிலத்தில் அரிப்பது), துடைப்பு, திரும்ப லேசாக எட்ச் என்று மாற்றி மாற்றிச் செய்தால் வெளியே வரும். அப்படியும் வரவில்லை என்றால் துண்டு எப்படிக் குளிர்ந்தது என்று விசாரியுங்கள். வேகமாகக் குளிர்ந்த துண்டில் ஹைட்ரைடுகள் ஒளி மைக்ரோஸ்கோப்பில் பிடிபடாத அளவுக்கு நுண்ணியதாக இருக்கும், ஹைட்ரஜன் எங்கேயும் போகவில்லை. நிமிடத்துக்கு ஓரிரண்டு டிகிரி என்று மெதுவாகக் குளிரவைத்த துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அளவுக்கு மீறி என்றால் ஒரு கணக்குப் போதும். 100 பிபிஎம் ஹைட்ரஜன் முழுவதும் ஹைட்ரைடாக மாறினாலும் பருமனில் 0.64 சதவீதம்தான். 300 பிபிஎம் துண்டில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் பரப்பு தெரிய வேண்டும். பட மென்பொருள் எட்டு சதவீதம் என்கிறதா, எட்ச் அதிகமாகி ஒவ்வொரு கோடும் தடித்திருக்கிறது, அல்லது திரெஷோல்டைத் தளர்த்தி வைத்திருக்கிறீர்கள். எட்ச் செய்த பரப்பிலிருந்து பிபிஎம் கணக்கிடுவதை நான் நம்புவதில்லை; திசையையும் பரவலையும் பார்க்கத்தான் இந்தப் படம்.

அறிகுறி: வாயு ஏற்றும்போது ஹைட்ரஜன் உள்ளே போகமாட்டேன் என்கிறது

அழுத்தம் குறையவே இல்லை என்றால் தடுப்பது மேற்பரப்பு ஆக்சைடு. பிக்லிங் முடிந்த கையோடு உள்ளே வையுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று மேசையில் வைக்காதீர்கள். பிக்லிங் செய்தும் இல்லை என்றால் உலைக்குள் ஈரமோ காற்றோ கசிந்து அங்கேயே மறுபடி ஆக்சைடு போடுகிறது; எடுத்துப் பார்க்கும்போது துண்டு நிறம் மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்த விலை அதிகமான வழி நிக்கல் பூச்சு.

உள்ளே போனதா என்று தராசிலும் பார்க்கலாம். 5 கிராம் துண்டில் 200 பிபிஎம் என்றால் எடை 1 மில்லிகிராம் கூடும். 0.1 மில்லிகிராம் தராசு என்றால் இருபது முப்பது பிபிஎம் பிசகு இருக்கும், ஆனால் போயிருக்கிறதா இல்லையா என்று தெரிய அது போதும். ஆக்சிஜனும் எடையைக் கூட்டும் என்பதால் நிறம் மாறிய துண்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் எரியும். உலையில் கசிவு என்று சந்தேகம் வந்த நொடியில் வால்வை மூடிவிட்டு வாயுப் பாதை அமைத்தவர்களைக் கூப்பிடுங்கள், சோப்புத் தண்ணீரோடு நீங்களே ஆரம்பிக்காதீர்கள்.

அறிகுறி: கனநீர் உலைக் குழாய், எண்ணுக்கு அர்த்தமே இல்லை

கனநீரில் இருந்த குழாயில் ஏறுவது பெரும்பாலும் டியூட்டீரியம், அதாவது இரு மடங்கு எடையுள்ள ஹைட்ரஜன் ஐசோடோப். வெப்பக் கடத்தல் டிடெக்டர் சாதாரண ஹைட்ரஜனுக்குக் காலிபரேட் செய்யப்பட்டது, இரண்டும் கலந்து வந்தால் அதனால் பிரிக்க முடியாது. இதற்கு மலிவான வழி கிடையாது, நேராக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இணைந்த வெற்றிட முறை உள்ள லேபுக்கு அனுப்புங்கள். அனுப்பும்போதே சமான ஹைட்ரஜன் எண் வேண்டுமா, தனித்தனி எண்ணா என்று எழுதிவிடுங்கள்: எடைக் கணக்கில் டியூட்டீரியத்தைப் பாதியாக்கி ஹைட்ரஜனோடு கூட்டுவதுதான் சமான எண். 10 பிபிஎம் ஹைட்ரஜன், 40 பிபிஎம் டியூட்டீரியம் என்றால் சமானம் 30. வந்த அறிக்கையில் 50 என்று இருந்தால் யாரோ நேராகக் கூட்டியிருக்கிறார்கள், திருப்பி அனுப்புங்கள்.